எட்டாம் இடத்தின் கணக்கு

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில், 2007-08 பருவத்தில், கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் அப்போது ஆடிவந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 82 ஆட்டங்களில் 48ஐ வென்ற பின்னும், பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றுகளான பிளே-ஆஃபுக்குள் நுழைய முடியாமல் நின்றுவிட்டது. அதே பருவத்தில் அட்லாண்டா ஹாக்ஸ் அணி 37 வெற்றி, 45 தோல்வி என்ற கணக்கோடு உள்ளே சென்றது. ஓராண்டுக்கு முன்பு இதே வாரியர்ஸ் 42 வெற்றிகளை மட்டுமே வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, 67 ஆட்டங்களை வென்று லீக்கின் உச்சியில் இருந்த டல்லாஸ் மேவரிக்ஸ் அணியை முதல் சுற்றிலேயே வெளியேற்றியிருந்தது. ஆக, ஓராண்டில் அணி மேம்பட்டது, வெற்றிகள் கூடின, கைக்கு எதுவும் வரவில்லை. ஒரு கூடைப்பந்து அணியின் வாய்ப்பை அதன் ரசிகர்கள் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள், அந்த மதிப்பீட்டுக்கு எது பிடிபடுகிறது, எது நழுவுகிறது என்று ஆராய இந்த இரண்டு பருவங்களைவிடப் பொருத்தமானவை கிடைப்பது அரிது.

பிளே-ஆஃப் வாய்ப்பு என்று ரசிகர்கள் பேசும்போது அது ஓர் அணியின் தரத்தைப் பற்றிய பேச்சாகத் தோன்றினாலும், உண்மையில் அது போட்டி அணிகளுக்கு நடுவே அந்த அணி நிற்கும் இடத்தைப் பற்றிய பேச்சு. அதிலும் இரு வேறு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உள்ளே நுழைய முடியுமா என்பது ஒன்று. நுழைந்தபின் எதிரே நிற்பவரை வெல்ல முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் போட்டி அணி வெறும் எண்தான்: அது எவ்வளவு அழகாக ஆடுகிறது என்பது பொருட்டல்ல, எத்தனை வென்றது, இன்னும் யாரோடு ஆட வேண்டியிருக்கிறது என்பவையே பொருட்டு. இரண்டாம் கேள்வியில் அந்த எண் கிட்டத்தட்டப் பயனற்றுப் போய், உயரம், வேகம், யார் யாரைக் காப்பது, எந்தப் பயிற்சியாளருக்கு எவருடைய பலவீனம் தெரியும் என்பவை முன்னுக்கு வருகின்றன. ரசிகர்களின் கணிப்பு பெரும்பாலும் தவறுவது விருப்பத்தால் கண் மறைக்கப்படுவதால் என்று சொல்லப்படுவது வழக்கம். விருப்பம் ஒரு காரணம்தான். ஆனால் ஒரு கேள்விக்கு உரிய சான்றை மற்றதற்கு எடுத்துவைப்பது அதைவிடப் பெரிய காரணம்.

என்.பி.ஏ.வின் 30 அணிகளும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கான்ஃபரன்ஸ்களாக, அதாவது மண்டலங்களாக, சரிபாதியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மண்டலத்துக்குள்ளும் ஐந்தைந்து அணிகள் கொண்ட மூன்று டிவிஷன்கள் உண்டு. ஓர் அணி தன் டிவிஷனைச் சேர்ந்த நான்கு அணிகளோடு தலா 4 முறையும், மண்டலத்தின் மற்ற பத்து அணிகளில் ஆறோடு தலா 4 முறையும் நான்கோடு தலா 3 முறையும், எதிர் மண்டலத்தின் 15 அணிகளோடு தலா 2 முறையும் மோதுகிறது. கூட்டிப் பார்த்தால் 82இல் 52 ஆட்டங்கள் சொந்த மண்டலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மண்டலத்துக்கு எட்டு அணிகள் வீதம் பதினாறு அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும் முறை 1984 முதல் நிலைத்திருக்கிறது. ஒரு மண்டலத்தின் ஒன்பதாவது அணி மறு மண்டலத்தின் எட்டாவது அணியைவிட எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்த இடத்தை எட்டிப் பறிக்க வழியில்லை. ஐ.பி.எல். பார்த்துப் பழகிய தமிழ் வாசகர் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்: அங்கே எல்லா அணிகளும் ஒரே பட்டியலில் நின்று, புள்ளிகள் சமமானால் நிகர ஓட்ட விகிதம் பார்க்கப்படுகிறது, இங்கே பட்டியல்கள் இரண்டு, இரு அணிகள் சமமாக முடித்தால் முதலில் பார்க்கப்படுவது அவ்விரண்டும் தமக்குள் மோதிய ஆட்டங்களின் முடிவு.

இந்த அமைப்பிலிருந்து முதலில் கிளைப்பது, மண்டலப் போட்டியாளரோடு மோதும் ஆட்டத்துக்கு இரட்டை எடை உண்டு என்ற உண்மை. அட்டவணையில் ஓர் அணி மற்றொன்றைவிட எத்தனை ஆட்டம் பின்தங்கியுள்ளது என்பதை, வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துக் கணக்கிடுகிறார்கள். சமநிலையில் உள்ள இரு அணிகளில் ஒன்று வேறு யாரையோ வென்றால் இடைவெளி அரை ஆட்டம். மற்ற அணியையே வென்றால் முழு ஆட்டம். அதோடு சமநிலை முறிப்பிலும் ஒரு படி மேலே ஏறிக்கொள்கிறது. இதைச் சூத்திரமாக அறியாத ரசிகரும் அனுபவத்தால் அறிந்திருக்கிறார். மார்ச் மாதத்து ஆட்டம் ஒன்றை, எதிரணியின் பெயரைப் பார்த்தே, இது ஒன்றல்ல இரண்டு என்று அவர் எண்ணுவது மிகையல்ல.

இதைவிட நுட்பமான விளைவு ஒன்றும் உண்டு. அது பெரும்பாலான ரசிகர்களின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஓர் அணி மீதமுள்ள ஆட்டங்கள் அனைத்தையும் வென்றால் 45 வெற்றிகளை எட்டும் என்று கொள்வோம். அதற்கு மேலே உள்ள இரண்டு அணிகள் ஏற்கெனவே 45ஐ எட்டி நிற்கின்றன. எஞ்சியிருப்பது ஓர் இடம். தனித்தனியே பார்த்தால் இரண்டையும் எட்டிப் பிடிக்கலாம், சமநிலை முறிப்பில் முந்தலாம் என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு அணிகளும் தமக்குள் இன்னும் ஓர் ஆட்டம் ஆட வேண்டியிருந்தால், யார் வென்றாலும் ஒருவருக்கு 46 கிடைத்தே தீரும். ஆகவே கீழே உள்ள அணியின் கதை, அட்டவணை அதை ஒப்புக்கொள்வதற்கு முன்பே, முடிந்துவிட்டது. பேஸ்பால் லீக்குகளை முன்வைத்து 1966இல் பெஞ்சமின் ஸ்வார்ட்ஸ் என்ற கணிதர் இந்தச் சிக்கலை ஆராய்ந்து, ஒரு குழாய் வலையில் எவ்வளவு நீர் பாய முடியும் என்பதைக் கண்டறியும் அதே கணித முறையால் ஓர் அணிக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறதா என்று தீர்க்கமாகச் சொல்லிவிடலாம் என்று காட்டினார். போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே இரவில் தோற்க வேண்டும் என்று ரசிகர் வேண்டிக்கொள்ளலாம். அவர்கள் ஒருவரோடொருவர் மோதும் இரவில் அந்த வேண்டுதலுக்கு இடமில்லை.

ரசிகர்களிடையே மிகப் பரவலாக உள்ள கணிப்பு முறை வேறு. மீதமுள்ள ஆட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பலவீனமான அணி வந்தால் வெற்றி, பலமான அணி வந்தால் தோல்வி, தொலைதூரப் பயணத்துக்கு மறுநாள் என்றால் சந்தேகம் என்று குறித்து, இறுதியில் கூட்டிப் பார்க்கும் முறை அது. பத்து ஆட்டங்கள் மிஞ்சியிருந்து, ஒவ்வொன்றிலும் தம் அணிக்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று ரசிகர் மனதார நம்பினாலும், குறிக்கும்போது பத்தையும் வெற்றி என்றே குறித்துவிடுகிறார். ஆனால் அவருடைய நம்பிக்கையே சொல்லும் சராசரி எதிர்பார்ப்பு ஆறு வெற்றிதான். ஒவ்வொரு வாய்ப்பையும் உறுதியாக மாற்றிவிடும் இந்தப் பழக்கம் சொந்த அணிக்கு நான்கு வெற்றிகளைக் கூட்டித் தருவதோடு நிற்பதில்லை. போட்டி அணியின் பட்டியலில் அதே ரசிகர் இழப்புகளைத் தேடிப் பிடிக்கிறார் என்பதால் பிழை இரு பக்கமும் வளர்கிறது. ஒரே பருவத்தின் மிச்சத்தைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஆடவிட்டு, அவற்றில் எத்தனை முறை ஓர் அணி உள்ளே வந்தது என்று எண்ணும் முறை இக்குறையைத் தவிர்க்கவே பயன்படுகிறது. விளையாட்டு ஊடகங்கள் தினமும் வெளியிடும் பிளே-ஆஃப் சதவீதங்கள் பெரும்பாலும் இவ்வாறு பெறப்பட்டவை.

2007-08 பருவத்தின் மேற்கு மண்டலத்தில் எந்தக் கணிப்பு முறையும் நிம்மதி தரவில்லை. லேக்கர்ஸ் 57, நியூ ஆர்லியன்ஸும் சான் அன்டோனியோவும் தலா 56, ஹூஸ்டனும் ஃபீனிக்ஸும் தலா 55, யூட்டா 54, டல்லாஸ் 51, டென்வர் 50 என்று எட்டு அணிகளும் அரைச் சதத்தை எட்டின. முதலிடத்துக்கும் எட்டாமிடத்துக்கும் இடையே வெறும் ஏழு ஆட்டங்கள். பருவத்தின் நடுவே லேக்கர்ஸ் பாவ் கசோலையும், ஃபீனிக்ஸ் ஷகீல் ஓ'நீலையும், டல்லாஸ் ஜேசன் கிட்டையும் வீரர் பரிமாற்றத்தில் கொண்டுவந்தன. ஒருவர் ஆயுதம் சேர்த்தால் அண்டை வீட்டாரும் சேர்க்க வேண்டியிருந்த அந்த பிப்ரவரியில் வாரியர்ஸ் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. ஹூஸ்டன் தொடர்ச்சியாக 22 ஆட்டங்களை வென்றது. அப்படிப்பட்ட வரலாற்றுச் சிறப்புள்ள ஓட்டம் கூட அதற்கு ஐந்தாவது இடத்தையே வாங்கித் தந்தது என்பதிலிருந்து மண்டலத்தின் நெருக்கடியை உணரலாம்.

வாரியர்ஸ் அப்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 111 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே அதிகப் புள்ளி குவித்த அணியாக இருந்தது. பேரன் டேவிஸ், ஸ்டீபன் ஜாக்சன், மான்டே எல்லிஸ் மூவரும் தம் வாழ்நாளின் நல்ல ஆட்டத்தில் இருந்தனர்; காயங்களுக்குப் பேர்போன டேவிஸ் 82 ஆட்டங்களிலும் களமிறங்கினார். ஆனால் பருவத்தின் தொடக்கத்தில், லீக் விதித்த ஏழு ஆட்டத் தடையால் ஜாக்சன் வெளியே அமர்ந்திருக்க, அணி முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. நவம்பரில் யாரும் பொருட்படுத்தாத அந்த ஆறு தோல்விகளை ரசிகர்கள் ஏப்ரலில் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஓக்லாந்தில் டென்வரோடு நடந்த ஆட்டம் மேற்சொன்ன இரட்டை எடைக்குப் பாடநூல் எடுத்துக்காட்டு; அதில் டென்வர் வென்றது, சில நாட்களில் வாரியர்ஸின் கதவு அடைபட்டது. இறுதி இடைவெளி இரண்டே ஆட்டங்கள்.

அதே 48 வெற்றிகள் கிழக்கில் நான்காம் இடத்தைப் பெற்றுத் தந்திருக்கும். பாஸ்டன் 66, டெட்ராய்ட் 59, ஆர்லாண்டோ 52 என்ற மூன்றுக்குப் பின்னர் கிழக்கின் வரிசை சட்டெனச் சரிந்து கிளீவ்லாந்தின் 45க்கு வருகிறது. இந்த ஒப்பீட்டை வாரியர்ஸ் ரசிகர்கள் அநீதி என்றார்கள். அதில் நியாயம் உண்டு, சொல்லப்போனால் அவர்கள் கேட்டதைவிடக் கூடுதலான நியாயமே உண்டு, ஏனெனில் அந்த 48 பலமான மண்டலத்தில் ஆடிச் சேர்த்தது, கிழக்கின் எண்கள் பலவீனமான மண்டலத்தில் சேர்த்தவை. ஆயினும் 37 வெற்றிகளோடு உள்ளே போன அட்லாண்டா, பின்னர் பட்டம் வென்ற பாஸ்டனையே ஏழு ஆட்டங்கள் வரை இழுத்தடித்தது. 2013-14இல் இந்தக் கதை கிட்டத்தட்ட அப்படியே மீண்டும் நிகழ்ந்தது: மேற்கில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அதே 48 வெற்றிகளோடு வெளியே நின்றது, கிழக்கில் அதே அட்லாண்டா 38 வெற்றிகளோடு எட்டாவதாக நுழைந்து, முதலிடத்து இந்தியானாவை ஏழு ஆட்டங்கள் வரை கொண்டுபோனது. எட்டாவது இடத்துக்குத் தகுதியற்றது என்று எழுதப்பட்ட ஓர் அணி இருமுறையும் அவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தது எதைக் காட்டுகிறது என்ற கேள்வி, மேலே குறிப்பிட்ட இரண்டாம் கேள்விக்கு, அதாவது எதிரெதிர் பொருத்தத்துக்கு, இட்டுச்செல்கிறது.

அதற்குள் போகுமுன் ஒரு கருவியை அறிமுகப்படுத்திக்கொள்வது நல்லது. வெற்றி தோல்விகளைவிட, ஓர் அணி எடுத்த புள்ளிகளுக்கும் விட்டுக்கொடுத்த புள்ளிகளுக்கும் உள்ள சராசரி வித்தியாசம் அதன் தரத்தை நம்பகமாகக் காட்டும் என்பது விளையாட்டுப் புள்ளியியலின் அடிப்படைக் கண்டுபிடிப்பு. பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் வகுத்த சூத்திரத்தைக் கூடைப்பந்துக்கு ஏற்றபடி டேரில் மோரி மாற்றியமைத்தார். நடைமுறையில், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி வித்தியாசம் ஒரு பருவத்தில் ஏறத்தாழ இரண்டரை வெற்றிக்குச் சமம் என்று கொள்ளலாம். இதன்படி 2007-08 வாரியர்ஸின் 48 வெற்றிகள் அதிர்ஷ்டத்தால் வந்தவை அல்ல. இரண்டு புள்ளிக்குச் சற்று மேற்பட்ட அதன் வித்தியாசம் அந்த எண்ணுக்கு அருகிலேயே நிற்கிறது. முந்தைய பருவத்து அணியோ எடுத்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே விட்டுக்கொடுத்திருந்தது. அப்போது எதிரே வந்த டல்லாஸின் வித்தியாசம் ஏழு புள்ளிக்கு மேல்.

இந்த எண்களை மட்டும் கொண்டு 2007 ஏப்ரலில் ஒருவர் கணித்திருந்தால், வாரியர்ஸுக்குத் தனி ஆட்டம் ஒன்றில் வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று தாராளமாகவே கொடுத்திருக்கலாம். ஏழு ஆட்டத் தொடரில், அதாவது முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவர் முன்னேறும் முறையில், நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு நூற்றுக்கு ஏழாகச் சுருங்கிவிடுகிறது. மூன்றில் ஒன்று என்று கொண்டால் பதினேழு. ஐந்தில் இரண்டு என்று கொண்டால்தான் முப்பதை நெருங்குகிறது. தொடர் நீளமாகும்தோறும் பலவானுக்கு ஆதாயம் என்பதால்தான், 2003இல் முதல் சுற்று ஐந்திலிருந்து ஏழு ஆட்டமாக நீட்டப்பட்டபோது எட்டாமிடத்து அணிகளின் காலம் முடிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. அதுவரை டென்வர் 1994இலும் நியூயார்க் 1999இலும் முதலிடத்து அணிகளை வீழ்த்தியிருந்தாலும், இரண்டும் ஐந்து ஆட்டத் தொடர்கள்.

ஆனால் ஓக்லாந்து ரசிகர்கள் வேறொரு சான்றைக் கையில் வைத்திருந்தார்கள்: அந்தப் பருவத்தில் டல்லாஸோடு ஆடிய மூன்று ஆட்டங்களையும் வாரியர்ஸ் வென்றிருந்தது. பன்னிரண்டு பருவங்கள் பிளே-ஆஃபின் வாசலை மிதிக்காமல் இருந்த அணி, கடைசி 21 ஆட்டங்களில் 16ஐ வென்று, பருவத்தின் இறுதி நாளில் போர்ட்லாந்தில் எட்டாமிடத்தை உறுதிசெய்தது. நாங்கள் நம்புகிறோம் என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தை ரசிகர் ஒருவர் அட்டைகளில் அச்சடித்து அரங்கில் விநியோகித்ததிலிருந்து அதுவே அந்த அணியின் பெயராக ஒட்டிக்கொண்டது. லேக்கர்ஸும் அதே 42 வெற்றிகளோடுதான் முடித்திருந்தது. சமநிலை முறிப்பில் லேக்கர்ஸ் ஏழாமிடத்தைப் பெற்று ஃபீனிக்ஸைச் சந்தித்தது, வாரியர்ஸ் எட்டாவதாகத் தள்ளப்பட்டு டல்லாஸைச் சந்தித்தது. அட்டவணைப்படி இது தண்டனை. ரசிகர்களின் கணக்கில் இதுவே வரம்.

மூன்று வெற்றிகள் என்ற அந்தச் சான்றை உற்றுப் பார்த்தால் அது தோன்றிய அளவுக்குக் கனமானதல்ல. முதல் ஆட்டம் நவம்பர் தொடக்கத்தில், டல்லாஸ் தன் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றுத் தடுமாறிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது. மூன்றாவது ஆட்டம் ஏப்ரல் 17 அன்று, பருவம் முடிய ஒரே நாள் இருக்கையில், டல்லாஸ் தன் முதலிடத்தை எப்போதோ உறுதிசெய்துவிட்ட நிலையில், வாரியர்ஸுக்கு மட்டுமே பொருளுள்ளதாக நடந்தது. மார்ச் 12 அன்று டல்லாஸின் 17 ஆட்டத் தொடர்வெற்றியை வாரியர்ஸ் முறித்த நடு ஆட்டம் ஒன்றுதான் இரு அணிகளும் முழு பலத்தோடும் முழு நோக்கத்தோடும் மோதியது எனத்தக்கது. ஒரே ஓர் ஆட்டத்திலிருந்து ஒரு தொடரைக் கணிப்பவரைப் பார்த்துப் புள்ளியியலர் நகைப்பார். ஆயினும் ரசிகர்களின் முடிவு சரியாக இருந்தது. அது தற்செயலான சரியா, காரணமுள்ள சரியா என்பதுதான் இங்கே பிரிக்க வேண்டியது.

காரணம் இருந்தது, அது மூன்று வெற்றிகளில் அல்ல, அவை நேர்ந்த விதத்தில் இருந்தது. அதற்குமுன் கடைசியாக 1994இல் வாரியர்ஸ் பிளே-ஆஃபுக்குப் போனபோது அதன் பயிற்சியாளராக இருந்த டான் நெல்சன், பின்னர் 1997 முதல் 2005 வரை டல்லாஸைப் பயிற்றுவித்து, ஜெர்மனியிலிருந்து வந்த இருபது வயது டர்க் நோவிட்ஸ்கியை உருவாக்கியவர். 2006இல் மீண்டும் வாரியர்ஸுக்குத் திரும்பியிருந்தார். ஏழடி உயரமுள்ள நோவிட்ஸ்கி, ஃப்ரீ-த்ரோ கோட்டின் முனையருகே பந்தை வாங்கி, தன்னைக் காக்கும் வீரரின் தலைக்கு மேலாக எறிவதில் நிகரற்றவர். அவருக்கு உயரமானவரைக் காவல் வைத்தால் வேகம் போதாது, வேகமானவரை வைத்தால் உயரம் போதாது என்பதே எல்லோருடைய சிக்கலும். நெல்சன் உயரத்தை விட்டுக்கொடுத்தார். ஆறடி எட்டங்குலம் உள்ள ஸ்டீபன் ஜாக்சனை அவரோடு ஒட்டி நிற்கவைத்து, எறிவதைத் தடுப்பதற்குப் பதிலாகப் பந்து கைக்கு வருவதையே தடுக்கவும், வந்தால் விருப்பமான இடத்திலிருந்து இடுப்பளவில் முட்டி வெளியே தள்ளவும், அவர் தரையில் பந்தைத் தட்டத் தொடங்கியதும் பின்னாலிருந்து இரண்டாமவர் பாயவும் ஏற்பாடு செய்தார். மறுமுனையில் ஐந்து பேரும் ஓடவும் தூரத்திலிருந்து எறியவும் வல்ல வரிசையை இறக்கியதால், கூடைக்கு அடியில் நின்று காக்கும் டல்லாஸின் உயரமான சென்டர்கள் வெளியே இழுக்கப்பட்டுப் பயனற்றுப் போனார்கள்.

டல்லாஸ் பயிற்சியாளர் ஏவரி ஜான்சன் இந்த ஆபத்தை அறிந்திருந்தார் என்பதற்கு முதல் ஆட்டமே சாட்சி. 67 வெற்றிகளைத் தந்த தொடக்க வரிசையைக் கலைத்து, சென்டரை நீக்கி, எதிரியின் உயரத்துக்குத் தன் அணியைக் குறுக்கி இறக்கினார். டல்லாஸ் 85-97 என்று சொந்த அரங்கில் தோற்றது. உச்சியில் இருக்கும் அணி எட்டாமிடத்து அணியின் பாணிக்கு இணங்கியதை, அதன் பின் வந்த ஐந்து ஆட்டங்களாலும் திருத்த முடியவில்லை. இரண்டாவதையும் ஐந்தாவதையும் டல்லாஸ் வென்றது, மற்றவை வாரியர்ஸுக்கு. மே 3 அன்று ஓக்லாந்தில் இருபதாயிரத்தைத் தாண்டிய மஞ்சள் சட்டைக் கூட்டத்தின் முன் நடந்த ஆறாவது ஆட்டத்தில் நோவிட்ஸ்கி 13 முறை எறிந்து இரண்டையே கூடையில் சேர்த்தார், மொத்தம் எட்டுப் புள்ளிகள், முடிவு 111-86. பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவருடைய அணி ஏற்கெனவே வெளியேறியிருந்தது.

ஆக, ரசிகர்கள் சரியான முடிவுக்கு அரைகுறைச் சான்றால் வந்தார்கள் என்பதே நேர்மையான மதிப்பீடு. மூன்றுக்கு மூன்று என்ற எண் மட்டும் இருந்து, மேற்சொன்ன பொறிமுறை இல்லாதிருந்தால் அந்த நம்பிக்கை வெறும் ஆசையாகவே இருந்திருக்கும். அடுத்த சுற்று இதை உறுதிப்படுத்துகிறது. 51 வெற்றிகளே பெற்று, டல்லாஸைவிட 16 வெற்றி குறைவாக முடித்த யூட்டா, வாரியர்ஸை 4-1 என்று வீழ்த்தியது. யூட்டாவின் கார்லோஸ் பூசர் கூடைக்கு அடியில் தோளால் இடித்து இடம்பிடித்து ஆடுபவர். அவரை வெளியே இழுக்க முடியவில்லை, உள்ளே தடுக்க வாரியர்ஸிடம் உடம்பும் இல்லை. தவறிய எறிதல்களைத் துள்ளிப் பிடிக்கும் ரீபவுண்ட் போட்டியில், டல்லாஸுக்கு எதிராக ஆயுதமாக இருந்த அதே குட்டை வரிசை சுமையாக மாறியது. அ என்பது ஆவையும், ஆ என்பது இயையும் வென்றால் அ இயை வெல்லும் என்ற தர்க்கம் கூடைப்பந்தில் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எந்தப் போட்டியாளரைச் சந்திப்பது நல்லது என்ற கணக்கு ரசிகர்களோடு நின்றுவிடுவதில்லை. 2006இல் மேற்கில் மூன்றாமிடம், டிவிஷன் வென்றதற்காக, 44 வெற்றிகள் மட்டுமே பெற்ற டென்வருக்குப் போனது. ஆறாமிடத்துக்கு வருபவர் டென்வரைச் சந்திப்பார், கூடுதல் வெற்றிகள் வைத்திருந்தால் சொந்த அரங்கச் சலுகையும் அவருக்கே; ஐந்தாமிடத்துக்கு வருபவரோ 60 வெற்றி பெற்ற டல்லாஸைச் சந்திக்க வேண்டும். பருவத்தின் கடைசி நாட்களில் கிளிப்பர்ஸ், மெம்பிஸ் இரண்டுமே தோல்வியால் ஆதாயம் பெறும் நிலையில் நேருக்கு நேர் மோதின, மெம்பிஸ் வென்றது. விளைவு: 49 வெற்றிகளோடு ஐந்தாவதாக வந்த மெம்பிஸை டல்லாஸ் 4-0 என்று துடைத்தெடுத்தது, 47 வெற்றிகளோடு ஆறாவதாக வந்த கிளிப்பர்ஸ் டென்வரை 4-1 என்று வென்றது. யாரும் வேண்டுமென்றே தோற்றதாக நிறுவப்படவில்லை. ஆனால் வெற்றி தண்டனையாகும் ஒரு விதியை வைத்திருப்பது அறிவீனம் என்பதை லீக் உணர்ந்து, அடுத்த பருவத்திலேயே முதல் நான்கு இடங்களின் வரிசை முறையை மாற்றியது.

2020-21 பருவத்தில் இப்போதைய வடிவில் அறிமுகமான பிளே-இன் சுற்று முதல் கேள்வியின் கணக்கை மாற்றியிருக்கிறது. இப்போது மண்டலத்தின் முதல் ஆறு அணிகள் மட்டுமே நேராக உள்ளே போகின்றன. ஏழும் எட்டும் மோதி வென்றவர் ஏழாமிடம் பெறுகிறார். ஒன்பதும் பத்தும் மோதித் தோற்றவர் வெளியேறுகிறார். முதல் ஆட்டத்தில் தோற்றவரும் இரண்டாவதில் வென்றவரும் எட்டாமிடத்துக்காக மோதுகிறார்கள். இந்த விதி 2008இல் இருந்திருந்தால், ஒன்பதாவதாக முடித்த வாரியர்ஸ், 41 வெற்றிகளோடு பத்தாவதாக வந்த போர்ட்லாந்தைச் சொந்த அரங்கில் வென்று, பின்னர் டல்லாஸ், டென்வர் இரண்டில் தோற்றவரை அவர்கள் ஊரில் வென்றால் உள்ளே வந்திருக்கும். கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கும், அவ்வளவே. அந்த விதி நடைமுறைக்கு வந்த 2021இல் எட்டாவதாக முடித்த வாரியர்ஸ், முதலில் லேக்கர்ஸிடமும் பின்னர் ஒன்பதாவதாக முடித்த மெம்பிஸிடமும் தோற்று வெளியேறியது. பழைய விதிப்படி அது உள்ளே இருந்திருக்க வேண்டிய அணி. 2023இல் மயாமி ஹீட் பிளே-இன் முதல் ஆட்டத்தில் அட்லாண்டாவிடம் தோற்று, சிகாகோவை வென்று எட்டாவதாக நுழைந்து, 58 வெற்றி பெற்ற மில்வாக்கியை 4-1 என்று வீழ்த்தி, இறுதிச் சுற்று வரை சென்றது. 2007 வாரியர்ஸைப் போலவே அந்த மயாமியும் பருவம் முழுவதிலும் எடுத்ததைவிட விட்டுக்கொடுத்த புள்ளிகள் கூடுதலான அணி. மில்வாக்கியின் யானிஸ் அன்டெடோகும்போ முதல் ஆட்டத்திலேயே காயமுற்றார் என்பதையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

மண்டலங்களைக் கலைத்து, லீக் முழுவதிலுமிருந்து சிறந்த பதினாறு அணிகளை ஒன்று முதல் பதினாறு வரை வரிசைப்படுத்தலாம் என்ற யோசனை 2008க்குப் பின்னும் 2014க்குப் பின்னும் எழுந்தது. 2018இல் லீக்கின் ஆணையர் ஆடம் சில்வரே அதைப் பற்றிப் பொதுவெளியில் பேசி, கண்டத்தின் இரு கரைகளுக்கும் இடையிலான பயணத்தைத் தடையாகக் குறிப்பிட்டார். பயணத்தைவிட அடிப்படையான இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. 82இல் 52 ஆட்டங்களை ஒரு மண்டலத்துக்குள்ளேயே ஆடிவிட்டு, வெற்றிகளை மட்டும் பொதுப்பட்டியலில் ஒப்பிட்டால், பலவீனமான மண்டலத்தில் சேர்த்த 48ம் பலமான மண்டலத்தில் சேர்த்த 48ம் ஒன்றாகிவிடும்; 2008 வாரியர்ஸுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைத்திருக்கும், ஆனால் இடம் தந்த கணக்கு சரியாக இருந்திருக்காது. எதிரணிகள் 29ஓடும் சமமாக ஆட வேண்டுமானால், தலா இரண்டு ஆட்டங்களுக்கு 58, தலா மூன்றுக்கு 87 தேவை. முன்னதால் நுழைவுச்சீட்டு வருவாயும் ஒளிபரப்பு வருவாயும் சரியும் என்பதால் உரிமையாளர்கள் உடன்படுவது அரிது. இப்போதைய 82க்கே உடம்பு தாங்காமல் முன்னணி வீரர்களுக்கு அவ்வப்போது ஓய்வு கொடுக்கப்படும் நிலையில் பின்னதற்கு வீரர்கள் உடன்படுவது அதைவிட அரிது.